அச்சுத் தொழிலும் பாவனை உலகமும்

பழனி மலையடிவாரத்தில் பஞ்சாமிர்த டப்பா ஒன்று வாங்கியிருப்பீர்கள். அடுத்த முறை வாங்கும்போது அதன் மேலுள்ள வண்ணப் படத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிந்த படம் மறைந்துவிடும். அந்த இடத்தில் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். வண்ணப் படங்கள் பெரும்பாலும் மயில்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் புள்ளிகளால் ஆனவை. நான்கும் தத்தம் இடத்தில் விழுந்தால்தான் படம் படமாகும். ஒரு மை மயிரிழை விலகினாலும் உருவத்தின் விளிம்பில் இரண்டாவது கோடு எழும். படம் கலங்கித் தோன்றும்.

இந்தப் புள்ளிகளை இடம் தவறாமல் இறக்கக் கற்றவர் எங்கே கற்றார்? கற்கும் காலத்தில் அவர் கெடுத்த தாள்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? இரண்டாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அச்சுத் தொழிற்கல்வியின் வரலாறு முழுவதும் அதைச் சுற்றியே வந்திருக்கிறது. கணிப்பொறித் திரையில் ஓர் அச்சகத்தையே உருவாக்கி, அதில் மாணவரைப் பழக்கும் இன்றைய முறையும் அதே கேள்விக்குப் பிறந்த விடைதான்.

பொறி வந்தது, ஆள் வரவில்லை

தமிழ் எழுத்துகள் இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சேறியது 16ஆம் நூற்றாண்டில். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். தரங்கம்பாடியின் கதையும் பலர் அறிந்ததே. ஆனால் அதைத் தொழிற்கல்வியின் கண்கொண்டு பார்த்தவர்கள் குறைவு.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஓர் அச்சகம் வேண்டும் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார். இங்கிலாந்திலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறியையும் அதை இயக்க ஜோனாஸ் ஃபிங்க் என்பவரையும் கப்பலில் அனுப்பியது. கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீட்கப்பட்டுப் பயணம் தொடர்ந்தபோது ஃபிங்க் இறந்துபோனார். 1712இல் பொறி வந்து சேர்ந்தது; அதை ஓட்டத் தெரிந்தவர் வரவில்லை. நல்ல வேளையாகத் தரங்கம்பாடியில் இருந்த போர்வீரர் ஒருவருக்கு அச்சுத் தொழில் தெரிந்திருந்தது. அவர் கைபட்ட பிறகே பொறி ஓடியது.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் செதுக்கப்பட்ட தமிழ் எழுத்துகளுடன் ஜோஹான் காட்லீப் ஆட்லர் வந்தார். அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் இருக்கும் காகிதம் போதாது. ஆகவே பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறை அமைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிக்கொண்டார்கள். 1715இல் நூல் முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு தீராததால் காகிதம் செய்யும் ஆலை ஒன்றையும் நிறுவிப் பார்த்தார்கள்.

கடல் கடந்து வந்த காகிதத்தை எண்ணி எண்ணிச் செலவிட்ட இடத்தில், பழகுபவர் ஒருவர் நூறு தாளைக் கெடுத்தால் அது எளிய செய்தியாகவா இருந்திருக்கும்?

மலைக்கு ஏறியவர்களின் அச்சகம்

கொடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு நேர்ந்த அனுபவம் தரங்கம்பாடியின் அனுபவத்துக்கு இன்னொரு சாட்சி.

1820இல் ஜேம்ஸ் காரெட் என்னும் அச்சாளர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்டு பார்ன்ஸ் அவருக்குத் தங்கும் அனுமதி தரவில்லை. காரெட் பம்பாய்க்குப் போய், அங்கே மராத்தி அச்சுப் பணியில் வாழ்நாளைக் கழித்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கர்களின் அச்சகம் இயங்கத் தொடங்கியது 1834இல்தான். இடையில் 14 ஆண்டுகள் போய்விட்டன. ஆனால் தொடங்கிய பிறகு வேகம் பிறந்தது. 1841இல் அதே அச்சகத்திலிருந்து 'உதயதாரகை' இதழ் வெளிவந்தது. தமிழ் இளைஞர்கள் எழுத்துக் கோக்கவும், பொறி ஓட்டவும், நூல் கட்டவும் பழகினார்கள்.

சென்னையில் இதே அமெரிக்கர்களின் அச்சகத்தைப் ஃபினியாஸ் ஹண்ட் நடத்தினார். தமிழ் எழுத்துகளைச் சிறிதாகவும் தெளிவாகவும் ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி அவர் அச்சகத்தில் உருவானது. பின்னர் மதுரையை அடுத்த பசுமலையிலும் லெனாக்ஸ் அச்சகம் என்ற பெயரில் அமெரிக்க மிஷனின் அச்சகம் இயங்கியது.

இவ்வாறு மதுரைச் சீமைக்கு அச்சுத் தொழில் வந்தது. பாடநூல் வழியாக அது வரவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தது. கைகளுக்கு இடையே ஒரு கண்ணி அறுந்தால் 14 ஆண்டுகள் நின்றுபோகும் என்பதையும் பார்த்தோம்.

தவற்றுக்கென்று ஒரு தாள்

அக்காலத்து அச்சகத்தில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் என்ன வேலை கொடுப்பார்கள் தெரியுமா? அச்சாகி முடிந்த பக்கத்தைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய அறையில் திரும்பப் போடுவது. ஈய எழுத்து கண்ணாடியில் தெரியும் உருவம்போல இடம் வலம் மாறியிருக்கும். போட்டுப் போட்டுத்தான் விரலுக்கு அறைகளின் இடமும் கண்ணுக்குத் தலைகீழ் எழுத்தும் பழக்கமாகும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அறைகள் மிகுதி. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியபோது அச்சுக் கோப்பவர்களின் சுமை சற்றுக் குறைந்தது.

அறைகள் பழகிய பின் அவர் கையில் 'ஸ்டிக்' வரும். வரிகளைக் கோத்து, கட்டி, மை தடவி ஒரே ஒரு தாளில் ஒற்றி எடுப்பார்கள். இதுதான் மெய்ப்பு, அதாவது புரூஃப். மெய்ப்பின் சிறப்பு என்ன? அது தவறாக இருக்க அனுமதி பெற்ற தாள். அதில் 20 பிழை இருந்தாலும் நட்டம் ஒரு தாள்தான். பிழையைத் திருத்திய பிறகே ஆயிரம் தாள் ஓடும்.

ஆக, உண்மையான வேலைக்கு முன் அதன் சாயலில் ஒன்றைச் செய்து பார்த்து, தவற்றை அங்கேயே முடித்துக்கொள்ளும் வழக்கம் அச்சுத் தொழிலுக்குப் புதியதன்று. பாவனை உலகம் என்று நாம் இன்று கூறுவதன் விதை மெய்ப்பிலேயே இருக்கிறது.

நீரும் மையும்

இந்த எளிய ஏற்பாட்டை ஆஃப்செட் முறை குலைத்தது. எப்படி என்று பார்ப்போம்.

1796இல் ஜெர்மானியரான செனஃபெல்டர், எண்ணெயும் நீரும் ஒட்டுவதில்லை என்னும் இயல்பை வைத்துக் கல்லச்சு முறையைக் கண்டார். தட்டையான கல்லில் படமுள்ள இடம் மையை ஏற்கும். மற்ற இடம் நீரை ஏற்று மையை விலக்கும். 1875இல் லண்டனில் ராபர்ட் பார்க்ளே தகரத்தில் அச்சிட ஒரு வழி கண்டார். கடினமான கல்லிலிருந்து கடினமான தகரத்துக்கு மை சரியாக இறங்காது. எனவே மையை முதலில் ஓர் இடை உருளைக்கு மாற்றி, அதிலிருந்து தகரத்துக்கு இறக்கினார். பஞ்சாமிர்த டப்பாவின் தகரத்துக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கும் உறவுண்டு.

காகிதத்துக்கு இம்முறை வந்ததோ ஒரு பிழையால்! 1904 அளவில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரின் கல்லச்சுப் பொறியில், தாள் வைக்கத் தவறியபோது படம் ரப்பர் போர்த்திய உருளையில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்தப் படம் இறங்கியது. கெட்டுப்போன அந்தத் தாளை ரூபெல் உற்றுப் பார்த்தார். நேராக அச்சான முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தெளிவாக இருந்தது. ரப்பர் நெகிழ்ந்து காகிதத்தின் மேடு பள்ளங்களில் படிந்ததே காரணம். கெட்ட தாளை எறியாமல் பார்த்தவருக்கு ஒரு புதிய தொழில்நுட்பமே கிடைத்தது.

நம் நாட்டில் ஆஃப்செட்டின் தலைநகராக வளர்ந்தது சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுவதற்கு வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்து அச்சுத் தொழில் பெருகியது. காற்றின் வறட்சியும் துணை செய்தது. காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும். விரிந்தால் முதல் வண்ணத்தின் மேல் இரண்டாவது வண்ணம் சரியாகப் பொருந்தாது. கொடைக்கானலின் மூடுபனியில் நான்கு வண்ண அச்சு எவ்வளவு தொல்லை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விடுதலைக்குப் பிறகு கல்கத்தா, பம்பாய், சென்னை, அலகாபாத் நகரங்களில் மண்டல அச்சுக்கலைப் பள்ளிகள் ஏற்பட்டன. சென்னைத் தரமணியின் அச்சுத் தொழில்நுட்பப் பயிலகத்திலும், கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் இக்கலை முறையான படிப்பாயிற்று. ஆனால் ஒரு சிக்கல் வளர்ந்துகொண்டே வந்தது. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் பொறியில் பழகுபவர் ஒரு நிமிடம் தடுமாறினால் சில தாள்களே போகும். இன்றைய பெரிய ஆஃப்செட் பொறி மணிக்கு 15,000 தாள் ஓடக்கூடியது. அதாவது நிமிடத்துக்கு 250. பழகுபவர் இரண்டு நிமிடம் யோசித்தால் 500 தாள் வீண். பொறியின் விலையோ கோடிகளில். எந்த முதலாளி அதைப் பழகுபவர் கையில் விடுவார்? பழகாமல் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லாமல் பொறியைத் தொட அனுமதியும் இல்லை.

தரையில் பறந்த விமானம்

இதே சிக்கல் விமானத் துறையில் இன்னும் கொடுமையாக இருந்தது. அங்கே தவற்றின் விலை தாளன்று, உயிர். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் பணிசெய்தவர். ஆர்கன் பெட்டிக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929இல் ஒரு பாவனை விமானத்தை அமைத்தார். மாணவர் உள்ளே அமர்ந்து விசையை அசைத்தால் துருத்திகள் விரிந்து சுருங்கிப் பெட்டியைச் சாய்க்கும், நிமிர்த்தும். தொடக்கத்தில் அதை விளையாட்டுப் பொருளாகவே பலர் கருதினர். 1934இல் தபால் எடுத்துச் சென்ற ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டனர். அதன் பிறகு ராணுவம் லிங்கின் பெட்டிகளை வாங்கியது. சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பொறிகளின் காலம் அங்கே தொடங்கிற்று.

கணிப்பொறி வந்தபின் துருத்தியின் வேலையைக் கணக்கு ஏற்றது. பிரான்ஸின் சினாப்ஸ் நிறுவனம் ஆஃப்செட் அச்சுக்கான பாவனைப் பொறியை உருவாக்கியது. பல நாட்டு அச்சுப் பள்ளிகள் இத்தகைய பொறிகளைப் பயன்படுத்துகின்றன. 2003இல் 'செகண்ட் லைஃப்' என்னும் பாவனை உலகம் கணிப்பொறி வலையில் திறக்கப்பட்டபோது, பல பல்கலைக்கழகங்கள் அங்கே வகுப்பறைகளையும் தொழிற்கூடங்களையும் கட்டின. இன்று முகத்தில் மாட்டும் காட்சிக் கருவியை அணிந்தால், அச்சகத்தின் நடுவில் நிற்பது போலவே தோன்றுகிறது.

பாவனை அச்சகத்தின் உள்ளே

இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாம் அதுவே.

தாளில் படியும் மையின் தடிப்பு ஒரு மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதைக் கண்ணால் அளக்க இயலாது. ஆகவே மை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு திரும்பினால் 2. இது மடக்கைக் கணக்கு. பொறியின் அகலத்தில் சுமார் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மைத் திருகுகள் வரிசையாக இருக்கும். எந்தப் பகுதியில் மை மிகுந்ததோ அந்தத் திருகை மூட வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் திருகைத் திருப்பியவுடன் தாளில் மாற்றம் தெரியாது. மை பல உருளைகளைக் கடந்து வர வேண்டும். கொடைக்கானலுக்கு வரும் விருந்தினர் விடியற்குளிரில் வெந்நீர்க் குழாயைத் திருகுவதை நினைத்துப் பாருங்கள். நீர் சுடவில்லையே என்று மேலும் திருகுவார், சற்று நேரத்தில் கை சுட்டுவிடும், பதறி மூடுவார், மறுபடி குளிரும். பழகாத அச்சாளர் மைத் திருகில் செய்வதும் இதுவே. காலத் தாமதமுள்ள அமைப்பைக் கட்டுப்படுத்தப் பொறுமை வேண்டும். எவ்வளவு பொறுமை என்பது பழக்கத்தால் மட்டுமே தெரியும்.

பாவனைப் பொறி இந்தத் தாமதத்தைச் சமன்பாடுகளாக வைத்திருக்கிறது. நீர் மிகுந்தால் மை வெளிறும், குறைந்தால் வெற்றிடத்திலும் மை ஏறும் என்பதும் அதற்குத் தெரியும். ஆசிரியர் ஒரு கோளாற்றை மறைவாக உள்ளே வைப்பார். திரையில் பழுதான தாள் வரும். மாணவர் அதைப் பார்த்துக் காரணத்தைத் தேட வேண்டும். அவர் தேடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இத்தனை தாள் வீண், இத்தனை பணம் நட்டம் என்று பொறி கணக்கு எழுதும். ஆனால் உண்மையில் ஒரு தாளும் கெடுவதில்லை. பழைய மெய்ப்பைப் போலவே இதுவும் தவற்றுக்கென்று ஒதுக்கிய இடம்.

மலையின் இன்னொரு சாட்சி

பாவனையில் பழகியது மெய்யான தேர்ச்சி ஆகுமா என்ற ஐயம் நியாயமானது. இதை ஆராயக் கொடைக்கானலிலேயே ஒரு நல்ல ஒப்புமை இருக்கிறது. 1899இல் அங்கே சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வந்தார்கள். 1909இல் எவர்ஷெட் தம் பெயரால் வழங்கும் விளைவை, அதாவது சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஆரமாக வெளிநோக்கிப் பாய்வதை, அங்கேதான் கண்டார். அந்தப் பழைய படங்கள் இப்போது எண்வடிவில் மாற்றப்பட்டுக் கணிப்பொறி வலை வழியாகக் கிடைக்கின்றன. மலையேறாத மாணவரும் அவற்றில் சூரியப் புள்ளிகளை எண்ணிப் பழகலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படங்களில் மேகம் மறைத்த நாள் உண்டு. தட்டில் கீறல் உண்டு. மெய்யான சூரியனைப் பிடித்ததால் மெய்யுலகின் குறைகளும் கூடவே வந்திருக்கின்றன. பாவனை அச்சகத்தின் நிலை வேறு. அதில் எழுதி வைத்த கோளாறுகள் மட்டுமே நேரும். உருளை தேய்ந்தால் எழும் ஓசை, மை முறியும்போது வரும் வாடை, விரலுக்குத் தெரியும் தாளின் ஈரம் ஆகியவற்றை அது முழுமையாகத் தராது. சுழலும் உருளைகளுக்கிடையே கை போனால் என்ன ஆகும் என்ற அச்சத்தையும் தராது. ஈயம் தீர்ந்தபோது பாலாடைக்கட்டிப் பெட்டியை உருக்கலாம் என்ற யோசனையும் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

ஆகவே இரண்டும் வேண்டும். கோளாற்றுக்குக் காரணம் காணும் அறிவைப் பாவனைப் பொறியில் வளர்த்துக்கொண்டு, பிறகு கைப்பழக்கத்துக்கு மெய்யான பொறிக்கு வருவதே முறை.

நாம் கேட்க வேண்டியவை

அச்சக உரிமையாளரின் பிள்ளைக்கு வீட்டிலேயே பொறி இருக்கிறது. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு பயிரிடும் குடும்பத்துப் பெண், பள்ளிப் படிப்பு முடியும் வரை ஓர் அச்சுப்பொறியை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. காணாத தொழிலை அவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்? பாவனை உலகம் அவருக்கு அந்தத் தொழிலைக் காட்டும் சாளரம் ஆகலாம். வசதியுள்ள கல்லூரிகளில் மட்டும் அது இருந்தால், பழைய வேலிக்கு மேல் புதிய வேலியாகவும் ஆகலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ தொழிற்பயிலகத்துக்கோ இத்தகைய பொறியை யாரேனும் கொண்டுவந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது தமிழில் பேசுமா? கோளாற்றை விளங்கிக்கொள்ளவே அறிவைச் செலவிட வேண்டிய மாணவர், பாதி அறிவை மொழிபெயர்ப்பில் செலவிடலாகாது. ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஆசிரியர் இயக்க, மாணவர் கைகட்டிப் பார்த்தால் அது திரைப்படம், பயிற்சியன்று. இதன்பின் மெய்யான பொறியில் கைவைக்க எங்கே அனுப்புவீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், 1712இல் தரங்கம்பாடியில் நின்ற பொறியின் நிலைதான் நமக்கும். பொறி வந்திருக்கும், ஓட்டத் தெரிந்தவர் வந்திருக்கமாட்டார்.